குறுஞ்செய்தி ஓடிபியை நிறுத்துவதற்கு முன்: ஒரு பல்கலைக்கழகக் கணினி மையத்துக்கு ஆலோசனை

கேள்வி: நான் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் பொறுப்பில் இருக்கிறேன். மின்னஞ்சல், சம்பளத் தளம், மதிப்பெண் பதிவு ஆகியவற்றுக்குக் கடவுச்சொல்லுடன் குறுஞ்செய்தி ஓடிபியோ, கைப்பேசிச் செயலியில் ‘அனுமதி’ என்று தட்டும் முறையோ எங்களிடம் சில ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. இவ்விரண்டையும் நிறுத்திவிட்டு மேலும் பாதுகாப்பான முறைக்கு மாற நிர்வாகம் முடிவெடுத்திருக்கிறது. ‘இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே, இருக்கும் தொல்லை போதாதா’ என்கிறார்கள் பேராசிரியர்கள். ஆறு இலக்க எண் தரும் செயலி போதுமா, அல்லது பாஸ்கீயும் (கைப்பேசியிலோ கணினியிலோ பதிந்திருந்து, கடவுச்சொல்லின் இடத்தில் பயன்படும் மின்னணுச் சாவி) செக்யூரிட்டி கீயும் (அதே வேலையைச் செய்யும், கையில் வைத்துக்கொள்ளும் சிறு கருவி) தேவையா? சொந்தக் கைப்பேசியில் அலுவலகச் செயலியை நிறுவ மாட்டேன் என்பவர்களை என்ன செய்வது? கைப்பேசியைத் தொலைத்துவிட்டுத் தேர்வு நாளில் வந்து நிற்கும் மாணவருக்கு என்ன வழி?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நிர்வாகத்தின் முடிவு சரியானதே. ஆனால் நீங்கள் கடைசியாகக் கேட்டிருக்கும் கேள்வியை, அதாவது கைப்பேசியைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கும் மாணவரைப் பற்றிய கேள்வியை, உங்கள் குழு முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. எந்தச் செயலி, எந்தச் சாவி என்று தேர்ந்தெடுப்பது அவ்வளவு கடினமில்லை. அது கையில் இல்லாத நாளில் ஒருவரை எதை நம்பி உள்ளே விடுகிறீர்கள் என்பதில்தான் முழு ஏற்பாட்டின் பலமும் அடங்கியிருக்கிறது. அதற்கு வருவதற்கு முன், பேராசிரியர்களின் வாதத்துக்கு விடை சொல்லியாக வேண்டும்.

குறுஞ்செய்தி ஓடிபியின் பலவீனங்களில் பலரும் அறிந்தது சிம் தொடர்பானது. உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கிவிடும் மோசடிக்காரருக்கு உங்கள் எண்ணுக்கு வரும் செய்திகள் எல்லாம் போய்ச் சேரும். தொலைபேசி நிறுவனங்கள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளப் பயன்படுத்தும் எஸ்எஸ்7 என்ற பழைய ஏற்பாட்டின் ஓட்டைகள் வழியாகவும் குறுஞ்செய்தியைத் திசைதிருப்ப முடியும். 2017இல் ஜெர்மனியில் வங்கி வாடிக்கையாளர்கள் சிலரின் ஓடிபிகள் இவ்வாறு கைப்பற்றப்பட்டுப் பணம் எடுக்கப்பட்டது. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், அதே ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில் தொலைபேசி வழியாக வரும் எண்ணைக் கட்டுப்பாடுகளுடன் மட்டுமே பயன்படுத்தத்தக்கது என்று வகைப்படுத்தியது. அடுத்த ஆண்டு இணைய விவாதத் தளமான ரெடிட் நிறுவனத்தின் ஊழியர்கள் சிலரின் கணக்குகளுக்குள் வெளியார் நுழைந்ததும் குறுஞ்செய்தியை இடைமறித்தே.

ஆனால் பல்கலைக்கழகத்தை அன்றாடம் அச்சுறுத்துவது இதுவன்று. சிம்மைக் கைப்பற்ற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உழைக்க வேண்டும். போலித் தளம் ஒன்றை அமைத்துவிட்டால் ஆயிரம் பேருக்கு ஒரே மின்னஞ்சலில் வலை வீசலாம். அது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

ஒரு பேராசிரியருக்குத் துறைத் தலைவரின் பெயரில் ஒரு கடிதம் வருகிறது: திருத்தப்பட்ட சம்பளப் பட்டியலைப் பார்த்து ஒப்புதல் தருக. இணைப்பைச் சொடுக்கினால் பல்கலைக்கழகத்தின் நுழைவுப் பக்கம், அதே சின்னம், அதே வண்ணத்தில் திறக்கிறது. முகவரியில் மட்டும் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கிறது. அந்தப் பக்கம் வெறும் நகலன்று. பின்னால் உண்மையான தளத்துடன் அந்த நொடியிலேயே பேசிக்கொண்டிருக்கும் இடைத்தரகர் நிரல் அது. பேராசிரியர் இடும் கடவுச்சொல்லை அது உண்மையான தளத்துக்கு அனுப்புகிறது. உண்மையான தளம் வழக்கம்போல் ஓடிபியை அவருடைய கைப்பேசிக்கு அனுப்புகிறது. அவர் அதைப் பார்த்துப் போலிப் பக்கத்தில் இடுகிறார். நிரல் அதையும் கடத்துகிறது. உண்மையான தளம் திருப்தியடைந்து, ‘இவர் உள்ளே வந்துவிட்டார்’ என்பதற்கு அடையாளமான குக்கீயைத் தருகிறது. அந்தக் குக்கீ பேராசிரியரிடம் வந்து சேருவதில்லை, மோசடிக்காரரிடம் தங்கிவிடுகிறது. அடுத்த சில நிமிடங்களில் ‘வங்கிக் கணக்கு’ என்ற சொல் உள்ள கடிதங்களை வந்தவுடன் நீக்கிவிடும்படி பேராசிரியரின் அஞ்சல்பெட்டியில் ஒரு விதி எழுதப்படுகிறது. பிறகு சம்பளம் போய்ச்சேர வேண்டிய கணக்கு எண் மாற்றப்படுகிறது. மாற்றத்தை அறிவிக்கும் கடிதம் வரத்தான் செய்கிறது, ஆனால் அவர் கண்ணில் படுவதற்கு முன்பே மறைந்துவிடுகிறது. மாத இறுதியில் சம்பளம் வராதபோதுதான் விஷயம் தெரிகிறது.

இது கற்பனையான அச்சம் என்று உங்கள் பேராசிரியர்கள் நினைத்தால், 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அறிக்கையைக் காட்டுங்கள். அமெரிக்காவில் மூன்று பல்கலைக்கழகங்களில் 11 கணக்குகளைக் கைப்பற்றிய ஒரு கும்பல், அவற்றிலிருந்து 25 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 6,000 முகவரிகளுக்குப் போலிக் கடிதம் அனுப்பி, ஊழியர்களின் சம்பளத்தைத் திசைதிருப்ப முயன்றதை அது விவரிக்கிறது. சக பல்கலைக்கழகத்திலிருந்து வரும் கடிதத்தை யாரும் சந்தேகிப்பதில்லை என்பதால், ஒரு கணக்கு விழுந்தால் அது அடுத்த வளாகத்துக்குப் பாலமாகிவிடுகிறது.

‘அனுமதி’ என்று தட்டும் முறையின் குறை வேறு. கடவுச்சொல்லை ஏற்கெனவே பெற்றுவிட்டவர் இரவெல்லாம் கோரிக்கைகளை அனுப்பிக்கொண்டே இருப்பார்; தூக்கம் கலைந்து, எரிச்சலில் ஒருமுறை ‘ஆம்’ என்று தட்டினால் போதும். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் நுழைந்தவர் இப்படித்தான் ஓர் ஒப்பந்தப் பணியாளரைச் சலிக்கவைத்து அனுமதி பெற்றார். இதைத் தடுக்கத் திரையில் தெரியும் எண்ணைச் செயலியில் இடும்படி கேட்கும் முறை வந்தது. மைக்ரோசாஃப்ட் தன் செயலியில் 2023 மே மாதம் அதைக் கட்டாயமாக்கியது. இன்றே செய்யக்கூடிய, செலவில்லாத சீர்திருத்தம் அது. உங்கள் சேவையில் அந்த வசதி இருந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் இடைத்தரகர் நிரலை அது தடுக்காது. போலிப் பக்கமே அந்த எண்ணையும் காட்டிவிடும்.

இனி உங்கள் நேரடிக் கேள்வி: ஆறு இலக்க எண் தரும் செயலி போதுமா? கைப்பேசியும் தளமும் ஒரு ரகசியத்தைப் பகிர்ந்துகொண்டு, நேரத்தை வைத்து வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை புதிய எண்ணைக் கணக்கிடும் இந்த முறை 2011இல் தரப்படுத்தப்பட்டது. சிம் மோசடியை இது முற்றிலும் விலக்கிவிடுகிறது; சிக்னல் இல்லாத இடத்தில் களப்பணி செய்யும் ஆய்வு மாணவருக்கும் எண் கிடைக்கும். ஆனாலும் அந்த எண்ணை மனிதர் பார்த்து, மனிதர் தட்டச்சு செய்கிறார். பேராசிரியர் எந்தப் பக்கத்தில் தட்டச்சு செய்கிறார் என்பது செயலிக்குத் தெரியாது. மேலே சொன்ன நிகழ்வில் குறுஞ்செய்திக்குப் பதில் செயலி எண்ணை வைத்துப் பாருங்கள்; ஒரு வரியும் மாறாது. ஆகவே இடைக்கால ஏற்பாடாக இது நல்லது. இதையே இறுதி இலக்காக அறிவித்தால் சில ஆண்டுகளில் இன்னொரு முறை இதே போராட்டத்தை நடத்த வேண்டியிருக்கும். மக்களின் பொறுமையை இரண்டு முறை செலவிடுவதைவிட ஒரே முறையில் போக வேண்டிய இடத்துக்குப் போவது நல்லது.

போக வேண்டிய இடம் பாஸ்கீயும் செக்யூரிட்டி கீயும்தான். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. பாதுகாப்பான நுழைவு முறைகளை வகுக்க நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த ஃபைடோ கூட்டமைப்பு உருவாக்கி, உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2019 மார்ச்சில் வெப்ஆத்தன் என்ற பெயரில் தரமாக ஏற்றுக்கொண்ட முறை அது. பதிவு செய்யும்போது கருவிக்குள் ஒரு ஜோடிச் சாவி உருவாகிறது. அந்தரங்கச் சாவி உங்களிடமே இருக்கிறது. பொதுச் சாவி மட்டும் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. உள்ளே நுழையும்போது தளம் ஒரு தற்செயல் எண்ணை அனுப்புகிறது. கருவி அதில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புகிறது. நுட்பம் இங்கேதான் இருக்கிறது: நீங்கள் எந்த முகவரியில் இருக்கிறீர்கள் என்பதை உலாவி தானாகவே அந்தக் கையொப்பத்துக்குள் சேர்த்துவிடுகிறது. ஓர் எழுத்து கூடுதலான போலி முகவரிக்கு உரிய சாவி கருவியில் இல்லவே இல்லை. ஆகவே கையொப்பமும் இல்லை. பேராசிரியர் ஏமாந்து போனாலும் கருவி ஏமாறுவதில்லை.

2022இல் நடந்த ஓர் நிகழ்வு இதற்கு ஏறத்தாழ ஒரு சோதனைபோல அமைந்தது. பிற நிறுவனங்களுக்குக் குறுஞ்செய்தி, அழைப்புச் சேவை தரும் ட்விலியோ நிறுவனத்தின் ஊழியர்களுக்குப் போலி நுழைவுப் பக்க இணைப்புகள் குறுஞ்செய்தியில் வந்தன. சிலர் ஏமாந்தார்கள், உள்ளே இருந்த தகவல்கள் வெளியாரிடம் சிக்கின. ஏறத்தாழ அதே சமயத்தில் கிளவுட்ஃபிளேர் ஊழியர்களுக்கும் அதே பாணிச் செய்திகள் வந்தன. அங்கும் மூவர் தம் கடவுச்சொல்லைப் போலிப் பக்கத்தில் இட்டார்கள். ஆனால் அங்கே எல்லோரிடமும் செக்யூரிட்டி கீ கட்டாயமாக இருந்ததால், மோசடிக்காரர்களால் கடவுச்சொல்லுக்கு மேல் ஓரடியும் நகர முடியவில்லை. ‘எங்கள் ஆட்கள் படித்தவர்கள், ஏமாற மாட்டார்கள்’ என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொன்னால், இணையப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்திலும் மூவர் ஏமாந்தார்கள் என்று நினைவூட்டுங்கள்.

பாஸ்கீ பற்றி உங்களிடம் நிச்சயம் எழுப்பப்படும் ஐயம் கைரேகை பற்றியது. கைரேகையும் முகமும் பல்கலைக்கழகத்துக்கு வருவதில்லை. அவை கருவிக்குள் சாவியைத் திறக்க மட்டுமே பயன்படுகின்றன. அவற்றுக்குப் பதில் ‘பின்’ (PIN) எண்ணையும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் சேவையகத்தில் இருப்பது பொதுச் சாவி மட்டுமே, அது நாளை கசிந்தாலும் அதை வைத்து யாரும் உள்ளே நுழைய முடியாது. இதை அறிவிப்பின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். எட்டாவது பக்கத்தில் எழுதினால் வதந்தி முந்திக்கொள்ளும்.

பாஸ்கீயில் இரண்டு வகை உண்டு. ஆப்பிள், கூகுள் போன்ற கணக்கு வழியாக ஒருவரின் எல்லாக் கருவிகளிலும் ஒத்திசைவது ஒன்று. ஒரே கருவியை விட்டு வெளியேறாதது மற்றொன்று. மாணவர்களுக்கு ஒத்திசையும் வகையே பொருத்தம். கைப்பேசி மாறினாலும் பாஸ்கீ கூடவே வந்துவிடும், உங்கள் உதவி மையத்தில் வரிசை குறையும். அந்தச் சொந்தக் கணக்கு பறிபோனால் பாஸ்கீயும் ஆபத்துக்குள்ளாகும் என்பது உண்மைதான், ஆனாலும் குறுஞ்செய்தியோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய ஆபத்து. சேவையக நிர்வாகிகள், சம்பளப் பிரிவு, மதிப்பெண் பதிவில் திருத்தும் அதிகாரம் உள்ளவர்கள் ஆகியோருக்கு மட்டும் அந்தச் சமாதானம் பொருந்தாது. அவர்களுக்கு ஆளுக்கு இரண்டு செக்யூரிட்டி கீ, ஒன்று சாவிக்கொத்தில், ஒன்று பூட்டிய மேசையில் என்று கொடுத்துவிடுங்கள். அந்தப் பட்டியலில் முதல் பெயர் உங்கள் கணினி மையத்தினுடையதாக இருக்கட்டும். தாம் பயன்படுத்தாததைப் பிறருக்குப் பரிந்துரைக்கும் மையத்தின் அறிவிப்பை யாரும் மதிப்பதில்லை.

சொந்தக் கைப்பேசியில் அலுவலகச் செயலி வேண்டாம் என்பவர்களுடன் வாதாடாதீர்கள். அது நியாயமான நிலைப்பாடு. பணிக்கான கருவியைத் தருவது நிறுவனத்தின் கடமை. ஒரு செக்யூரிட்டி கீயைக் காரணம் கேட்காமல் கொடுத்துவிட்டால் விவாதம் முடிந்தது. கைப்பேசியே வைத்துக்கொள்ளாத மூத்த பேராசிரியருக்கும், ஆய்வுக்கூடத்துக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாத ஊழியருக்கும், 30 நொடிக்குள் எண்ணைக் கேட்டுத் தட்டச்சு செய்யத் தடுமாறும் பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கும் இதே சாவி உதவும். தொட்டால் போதும் என்பதால் பலருக்கு இது செயலியைவிட எளிது.

பொதுக் கணினிக் கூடங்களை மட்டும் முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள். அங்குள்ள கணினிகளில் பாஸ்கீயைச் சேமிக்கக் கூடாது என்பது சொல்லாமலே விளங்கும். திரையில் தோன்றும் கியூஆர் குறியைக் கைப்பேசியால் படித்து நுழையலாம். ஆனால் கைப்பேசி அருகில்தான் இருக்கிறது என்பதை உறுதிசெய்ய அந்த முறைக்கு இரண்டு பக்கமும் புளூடூத் வேண்டும். மேசைக் கணினிகள் பலவற்றில் புளூடூத் இருக்காது. தேர்வுக் கூடங்களில் யூஎஸ்பி துளைகளையும் அடைத்து வைத்திருப்பீர்கள். அறிவிப்பு வந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட, ஒரு மதிய வேளையில் கூடம் கூடமாக நடந்து கண்டுபிடிப்பது மேல்.

புதிய முறையைச் சேர்ப்பதோடு வேலை முடிந்துவிடாது. பழையதை எடுக்கவும் வேண்டும். நுழைவுப் பக்கத்தில் ‘வேறு முறையில் உள்நுழைக’ என்ற இணைப்பின் கீழ்க் குறுஞ்செய்தி இன்னமும் இருந்தால், இடைத்தரகர் நிரல் நேராக அதைத்தான் தேர்ந்தெடுக்கும். கடவுச்சொல் மட்டும் கேட்கும் பழைய அஞ்சல் நெறிமுறைகள் (அஞ்சல் செயலிகள் சேவையகத்துடன் பேசும் பழைய வழிகள்) திறந்திருந்தாலும் இதே கதைதான். துறை அலுவலகங்களின் பொதுக் கணக்குகளையும் தேடிப் பாருங்கள். நான்கு எழுத்தர்கள் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வார்கள். ஓடிபி அவர்களில் ஒருவரின் கைப்பேசிக்கு வரும். அவர் விடுப்பில் இருந்தால் தொலைபேசியில் எண்ணை வாசித்துச் சொல்வார். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நீங்கள் ஆண்டுதோறும் சுற்றறிக்கை அனுப்ப, அந்தத் துறையின் அன்றாட வேலையே அதைச் சொல்வதில்தான் நடந்துகொண்டிருக்கும். அவரவர் கணக்கிலிருந்தே பொது அஞ்சல்பெட்டியைத் திறக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு, அந்தப் பொதுக் கணக்கில் நேரடியாக நுழைவதை மூடிவிடுங்கள். அலுவலர்களைக் குறைகூறாமல் இதைச் செய்வது முக்கியம்; வேறு வழி காட்டாததால்தான் அவர்கள் அப்படிச் செய்தார்கள்.

இப்போது அந்த மாணவரிடம் வருவோம். பாஸ்கீயை உடைக்க முடியாது என்றானதும் மோசடிக்காரர் உங்கள் உதவி மையத்தைத்தான் அழைப்பார். ‘நான் இன்ன துறைப் பேராசிரியர், வெளியூரில் இருக்கிறேன், கைப்பேசி தொலைந்துவிட்டது, ஒரு மணி நேரத்தில் ஆய்வறிக்கை சமர்ப்பிக்க வேண்டும்’ என்று பதற்றத்துடன் ஒரு குரல் வரும். ஊழியர் எண், பணியில் சேர்ந்த தேதி, பிறந்த நாள் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லும். அவற்றில் பாதி உங்கள் துறையின் இணையப் பக்கத்திலேயே இருக்கும். மறுமுனையில் இருப்பவர் உதவி செய்வதற்காகவே அமர்த்தப்பட்ட இளம் பணியாளர். 2023இல் எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் என்ற பெரிய விடுதி நிறுவனத்தை முடக்கிய தாக்குதலின் தொடக்கம், உதவி மையத்துக்கு வந்த இத்தகைய தொலைபேசி அழைப்பே என்று பரவலாகச் செய்தி வெளியானது.

ஆகவே அந்த இளம் பணியாளர் தானாக முடிவெடுக்க வேண்டிய நிலை வரக் கூடாது. அழைப்பவர் தரும் எண்ணை நம்பாமல், பணியாளர் பதிவேட்டில் ஏற்கெனவே உள்ள எண்ணுக்குத் திரும்ப அழைப்பது முதல் விதி. நேரில் வர முடிந்தவர் அடையாள அட்டையுடன் நேரில் வரட்டும். முடியாதவருக்குத் துறைத் தலைவரோ ஆய்வு வழிகாட்டியோ, தாம் நேரில் அறிந்த ஆள் இவரே என்று காணொளியில் பார்த்து உறுதி சொல்லட்டும். அதற்குப் பிறகும் பழைய முறையைத் திறந்துவிடாமல், ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும், சில மணி நேரத்தில் காலாவதியாகும் தற்காலிக எண்ணையே கொடுங்கள். புதிய கருவி பதிவானதும் அந்த நபரின் எல்லா முகவரிகளுக்கும் தகவல் போக வேண்டும். சம்பள வங்கிக் கணக்கை மாற்றும் வசதி அதற்குப் பின் சில நாள்களுக்குப் பூட்டியிருக்க வேண்டும். துணைவேந்தர் பெயரில் வரும் அழைப்புக்கும் இதே விதி என்பதைத் துணைவேந்தரின் கையொப்பத்துடன் எழுத்தில் பெற்று, உதவி மையச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அந்தத் தாள் இல்லாமல் எந்த இளைஞராலும் ‘முடியாது, ஐயா’ என்று சொல்ல இயலாது.

தேர்வு நாளில் கைப்பேசி இல்லாமல் வரும் மாணவருக்கு இந்தத் தற்காலிக எண்ணே வழி. அடையாள அட்டையைப் பார்த்து அதைக் கொடுக்கும் அதிகாரத்தைத் தேர்வுக் கூடத்திலேயே ஒருவருக்குக் கொடுங்கள். மாணவர் கணினி மையத்துக்கு ஓடிவர நேர்ந்தால் உங்கள் திட்டம் தோற்றுவிட்டது என்று பொருள். முதற்பதிவின்போதே இரண்டு வழிகளைப் பதிவு செய்யாமல் பக்கத்தை விட்டு வெளியேற முடியாதபடி அமைத்தால் இத்தகைய நாள்கள் அரிதாகும். புதிய மாணவர்களுக்குச் சேர்க்கையின்போது சான்றிதழ் சரிபார்க்கும் மேசையிலேயே பாஸ்கீயைப் பதிவு செய்துவிடுங்கள். முதல் கடவுச்சொல்லை மின்னஞ்சலில் அனுப்பி, ‘வீட்டிலிருந்தே பதிவு செய்துகொள்க’ என்றால், அந்தக் கடிதம் யார் கையில் கிடைக்கிறதோ அவர் மாணவராகிவிடுவார்.

‘தொல்லை’ என்ற முறையீட்டிலும் உண்மை உண்டு. அதற்கும் ஏதாவது கொடுங்கள். தன் சொந்தக் கணினியில் மின்னஞ்சல் படிக்கும் பேராசிரியரிடம் நாளைக்கு ஐந்து முறை உறுதி கேட்பதால் பாதுகாப்பு கூடுவதில்லை. யோசிக்காமல் தட்டும் பழக்கம்தான் வளர்கிறது. அறிமுகமான கருவியைச் சில வாரங்கள் நம்பலாம். வங்கிக் கணக்கு மாற்றம், மதிப்பெண் திருத்தம், புதிய கருவிப் பதிவு ஆகியவற்றுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். திருட்டு மென்பொருளுடன் கணினிக்குள் வரும் உளவு நிரல் குக்கீயையே தூக்கிக்கொண்டு போவதைப் பாஸ்கீயாலும் தடுக்க முடியாது என்பதால், இந்தச் சில இடங்களில் மீண்டும் கேட்பது இன்னொரு வகையிலும் பயன் தரும்.

வரிசை என்று கேட்டால், நிர்வாகிகளும் சம்பளப் பிரிவும் முதலில், மற்ற ஊழியர்கள் அடுத்து, ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் கடைசியில். புதிய மாணவர்கள் மட்டும் சேரும் நாளிலிருந்தே. தேர்வு, முடிவு வெளியீடு, கட்டணம் செலுத்தும் கெடு ஆகியவை உள்ள வாரங்களைத் தவிருங்கள். இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடியது, குறுஞ்செய்தியை மட்டுமே நம்பியிருக்கும் கணக்குகள் எத்தனை, அவை யாருடையவை என்ற பட்டியலை எடுப்பது. பெரும்பாலும் அதில் நீங்கள் எதிர்பாராத ஓர் உயர் அலுவலரின் பெயர் இருக்கும்; அவரிடம் முதலில் பேசுங்கள். தொலைந்த கைப்பேசிக்கான நடைமுறை எழுத்தில் தயாராகி, உதவி மையத்தினர் ஒருமுறை ஒத்திகை பார்த்து முடிக்கும்வரை, குறுஞ்செய்தி நிற்கும் தேதியை மட்டும் அறிவிக்க வேண்டாம்.